அச்சாறு தின்ற நாலு நிமிஷம்

அக்கா,

இன்று காலை அலுமாரியைத் திறந்ததும் சவர்க்கார வாசம் முகத்தில் அடித்தது. படத்துக்காக நான் கொடுத்த ஊதாச் சேலையை நீங்கள் துவைத்து, மடித்து, திருப்பித் தந்தது நினைவிருக்கிறதா? நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். நடிக்கக் கொடுத்ததைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போக முடியுமா என்று கேலி செய்தீர்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு கோபம் வந்தது. கோபம் உங்கள் மீது இல்லை.

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஒரு பஸ். அதில் ஏழு பேர். ஆளுக்கொரு சந்தோஷத்தைத் தேடிப் போகிறார்கள். உக்குவளைத் தையற்காரி, பல்லேபொல சிங்கள ரீச்சர், மரக்கறி வியாபாரி, இன்னும் மூன்று பேர், நீங்கள். இதுதான் படம். கையில் காசில்லாமல், ஆசையை மட்டும் வைத்துத் தொடங்கினோம்.

முதல் நாள் நான் செய்த முட்டாள்தனத்தை மறக்கவே முடியாது. தாளைப் பார்த்து ஒவ்வொரு பேராக வாசித்தேன். ரீச்சரும் வியாபாரியும் கையை உயர்த்தினார்கள். நீங்களும், பஸ்ஸில் கூட்டமாக வருவதற்கு உங்களோடு வந்த தேயிலைத் தோட்டத்துப் பெண்களும் வரிசையாகப் போய் நின்றுவிட்டீர்கள். விடியற்காலையில் பேர் வாசித்து, யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்துவிடும் பிரட்டில் நிற்கிற அதே நிலை, அதே குனிந்த தலை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீங்கள்தான் பக்கத்தில் வந்து, "பேர் வாசிச்சா எங்களுக்கு வாய் தானா மூடிக்கும் தங்கச்சி. அப்புறம் எங்க நடிக்கிறது?" என்றீர்கள். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

அடுத்தது அழுகைக் காட்சி. கொழும்புக் கடையில் வேலை செய்யும் மகனை நினைத்து நீங்கள் ஜன்னலோரம் அழ வேண்டும் என்று எழுதியிருந்தேன். நல்ல காட்சி என்ற நினைப்பு வேறு எனக்கு. வாசித்துக் காட்டியதும் நீங்கள் யோசிக்கவே இல்லை.

"அழுறதுக்கு எனக்கு பஸ் டிக்கட் எதுக்கு? அத லயத்து வீட்டுலயே அழுதுக்கலாமே."

அப்படியென்றால் உங்களுக்கு என்னதான் சந்தோஷம் என்று எரிச்சலோடு கேட்டேன். வெட்கப்பட்டீர்கள். பிறகு, ஒரு பை அம்பரலங்காய் அச்சாறை யாருக்கும் பங்கு போடாமல் தனியாகத் தின்ன வேண்டும் என்றீர்கள். வீட்டுக்கு எது வந்தாலும் புருஷனுக்கு, பிள்ளைகளுக்கு, மாமியாருக்கு என்று பிரித்துக் கொடுத்தே பழகிய கை.

தின்றீர்கள். நாலு நிமிஷம். உறைப்பில் மூக்கை உறிஞ்சினீர்கள், விரலை நக்கினீர்கள். பக்கத்தில் இருந்த பல்லேபொல ரீச்சர் பழக்கதோஷத்தில் கையை நீட்ட, பையை மெல்ல ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டு சிரித்தீர்கள். அது நான் எழுதியதில்லை.

எடுத்ததையெல்லாம் வெட்டி ஒட்டி முடித்த பிறகு காட்டுகிறேன் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் காய்ச்சல் வந்து உங்களைக் கொண்டுபோய்விட்டது. நீங்கள் உங்களைப் பார்க்கவே இல்லை. இதற்கு என்னை நான் மன்னிக்கப் போவதில்லை.

நேற்று கொழும்பிலிருந்து ஒரு தியேட்டர்காரர் போன் எடுத்தார். படத்தை ஓட்டத் தயாராம். அச்சாறு தின்பதை வெட்டிவிட வேண்டுமாம். கடைசியில் மாலை போட்ட உங்கள் படத்தையும் லயத்தையும் காட்டி, சோக இசை போட வேண்டுமாம். மலையகம் என்றால் சனங்கள் கண்கலங்க வேண்டும் என்கிறார். நீங்கள் செத்ததையும் விற்கலாம் என்று மரியாதையாகச் சொல்கிறார். சீ என்று போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை, அக்கா. இரண்டு வருஷ உழைப்பு, மற்ற ஆறு பேரின் முகம், எல்லாம் என் வாயை அடைத்தன. உங்கள் வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மத்தியானம் லயத்துக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் படத்தைப் பற்றியோ தியேட்டரைப் பற்றியோ கேட்கவில்லை. நாலு நிமிஷமும் நீங்கள் தின்கிறீர்களா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"இருபத்தாறு வருசம் ஒன்னா இருந்தோம். அவ தின்னு நான் பாத்ததே இல்ல தங்கச்சி. நாங்க எந்திரிச்சப்புறந்தான் அவ உக்காருவா. அத மட்டும் வெட்டிறாதீங்க."

லயத்து வாசலில் நின்றபடியே கொழும்புக்குப் போன் எடுத்து முடியாது என்றேன். அப்படியென்றால் இந்தப் படத்தை யார் பார்ப்பார்கள் என்றார். ஆள் இருக்கிறது என்று வைத்துவிட்டேன். உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது அந்தப் பிடிவாதம்தான். இனி யார் கேட்டாலும் என் படத்தில் ஒருத்தியையும் அழச் சொல்லி எழுத மாட்டேன்.

வருகிற ஞாயிறு தோட்டத்து மண்டபத்தில் போடுகிறோம். முன்வரிசையில் நடு நாற்காலி உங்கள் வீட்டுக்காரருக்கு. நீங்கள் தின்று முடிக்கும் வரைக்கும் அவர் உட்கார்ந்து பார்க்கட்டும்.