பிந்தி முளைத்த மருது

தண்ணீரூற்று,
ஒக்டோபர் 12.

அன்பு மகன் றம்சீனுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அந்த வெயிலில் உனக்கு ஒரு தலையிடியும் வராமல் அல்லாஹ் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதினால் வாப்பாவின் முழங்கால் என்னோடு கோபித்துக்கொள்ளும், மற்றபடி சுகம்தான். போனில் கதைத்தால் வாப்பா பக்கத்திலேயே நிற்பார், அதனால்தான் கட்டாருக்குத் திரும்புகிற அஸ்மினிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். சாப்பிட்ட பிறகு ஆறுதலாக வாசி மகன், உனக்கு அத்திவாரம் போட்டிருக்கிற புது வீட்டு விஷயம்.

போன மாரியில் பள்ளத்து வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது உனக்குத் தெரியும். மாரியில் குளத்துத் தண்ணீர் ஏறி நிற்கிற அலைகரையில் ஆளாளுக்கு வேலி போட்டு, கிரவல் மண் கொட்டி மேடாக்கினால் அந்தத் தண்ணீர் வேறு எங்கே போகும், விரால் குஞ்சு பொரிக்கிற புல்லெல்லாம் கிரவலுக்குள் போய்விட்டது, நீர்க்கோழியையும் காணோம். அதனால் பள்ளிவாசல் ஆட்களும் கோயில் ஆட்களும் சேர்ந்து குளத்துக்கு ஒரு குழு தொடங்கினோம். பாலர் பள்ளி ரீச்சர் நிசாந்தினியும் நானும் வீடு வீடாகப் போய் வேலியைப் பின்னுக்கு எடுக்கச் சொல்லுகிறோம். உன் உம்மாவுக்கு வாய் இருக்கிறதுதானே, பதினொரு வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார்கள். பன்னிரண்டாவது வீடு கமலாட்சியுடையது. முதல்ல உங்கட மகன்ர அத்திவாரத்தைப் பாருங்கோ அக்கா, பிறகு என்ர வேலியைக் கதைப்பம் என்றா. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கரையில் நிற்கிற மருத மரத்துக்கு மேலே காணி, கீழே குளம் என்பதுதானே அந்தக் காலத்துக் கணக்கு, எங்கள் அத்திவாரம் மருதுக்கு மேலே என்றேன். அவா என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனா. உன் அத்திவாரத்துக்குப் பின்னால் நாற்பது அடி மேலே, ஈச்சம்பற்றைக்குள் ஒரு பெரிய அடிக்கட்டை. இதுதான் அக்கா பழைய மருது, சண்டையில செல்லடிக்கேக்க நாங்கள்தான் தறிச்சு பங்கருக்கு மேல போட்டனாங்கள், கீழ நிக்கிறது குளக்கட்டு உடைஞ்சு தண்ணி வத்தின பிறகு முளைச்சது என்றா.

கீழே நிற்கிற மருதைத் திரும்பிப் பார்த்தேன் மகன். தொண்ணூறில் முஸ்லிம் ஆட்களை இயக்கம் வெளியேற்றியபோது வெளிக்கிட்டு இருபது வருஷம் புத்தளத்தில் இருந்துவிட்டு வந்த அன்று வாப்பா கட்டிப்பிடித்து அழுத மரம் அது. என்ர மரம் நிக்குது சபூறா என்று சொல்லி அழுதார். அந்த மரத்தை வைத்துத்தான் உன் காணியையும் அளந்தார். அது நாங்கள் இல்லாத காலத்தில் முளைத்தது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்போது குளக்கட்டைத் திருத்திவிட்டார்கள், தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வருகிறது, உன் அத்திவாரம் நிற்பதும் அந்த இடத்தில்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை குழு குளத்தை அளந்து எல்லைக்கல் நடப்போகிறது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவரும் வேலியை எடுக்கமாட்டார்கள், அவர்களில் பிழையும் இல்லை. சொன்னால் உன் வீடு போய்விடும். உனக்குப் பேசிவைத்திருக்கிற ஸஹ்றா வீட்டார் தை மாதத்துக்குள் வீடு எழும்ப வேண்டும் என்று நிற்கிறார்கள். ஆனாலும் சொல்லத்தான் போகிறேன், உன்னைக் கேட்காமல் முடிவெடுத்ததற்கு என்னை மன்னித்துக்கொள். எங்கள் வீட்டு வளவுக்குள்ளேயே சின்னதாக ஒன்று கட்டலாம், ஸஹ்றாவின் உம்மாவோடு நானே போய்க் கதைக்கிறேன். வாப்பாவிடம்தான் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீ போன் எடுக்கும்போது வீட்டைப் பற்றி மட்டும் கதை, மரத்தைப் பற்றி வாய் திறக்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. கோபம் வந்தால் என்னோடு கோபி, வாப்பாவோடு வேண்டாம். அல்லாஹ் உனக்கு எல்லா பறக்கத்தும் தரட்டும்.

உன் நன்மைக்கு துஆச் செய்யும்,
உம்மா சபூறா.

மடித்த கடிதத்தைத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். அசர் தொழுகைக்குப் பிறகு வாப்பாவைக் காணவில்லை என்று தேடிப் போனேன். ஈச்சம்பற்றை முழுவதையும் வெட்டிவிட்டு அந்த அடிக்கட்டையில் உட்கார்ந்திருக்கிறார். கமலாட்சி சொன்னாவோ, அவருக்கே விளங்கியதோ, நான் கேட்கவில்லை. மகனுக்கு எழுதிட்டியோ என்றார். ஓம் என்றேன். பிழை விட்டது வாப்பா எண்டும் எழுது, ஞாயிற்றுக்கிழமை முதல் கல்லை நான்தான் நடுவன் எண்டும் எழுது என்றார். எழுதிவிட்டேன் மகன்.