உயரமான பின்சீட்டு

ஜூன் 3, செவ்வாய்

இன்று காலை பத்தொன்பது உதை. இருபதாவது உதையில்தான் எமது பட்டத்து யானையாகிய பழைய பைக் பிளிறியது. அந்தப் பிளிறலில் எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகள் தாமே மடிந்துகொண்டன. தெருக்கோடி நாய் உலகைத் துறந்து எங்கோ போய்விட்டது.

எம்மை மணந்த மகாராணி டிபன் பையோடு கேட் அருகே நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். "இருபது" என்றாள். என் தோளைப் பிடித்து, இடது காலை ஊன்றி, வலது முட்டியை இரண்டு கையாலும் தூக்கிவைத்து ஏறி உட்கார்ந்தாள். அந்த முட்டி தேய்ந்து மூன்று வருஷம் ஆகிறது. யானையின் முதுகு பெஞ்சு மாதிரி தட்டையானது, தாழ்வானது. அதனால் ஏற முடிகிறது.

வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை பதினோரு கிலோமீட்டர். அங்கே ரெக்கார்டு அறையில் ஊர் ஜனத்தின் வியாதிகளையெல்லாம் கட்டுக்கட்டாகக் காப்பவள் அவள். அவளை இறக்கிவிட்டு யாம் தராசு ரிப்பேருக்குக் கடை கடையாகப் படையெடுப்போம். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் சாம்ராஜ்யம்.

இன்று அதற்கு ஒரு களங்கம். காய்கறிக் கடைக்காரன் ஆறு பேர் முன்னிலையில் கேட்டான்: "அண்ணே, நீங்க எடைக்கல்லைக் கழட்டி வைங்க. வண்டியத் தூக்கித் தட்டுல வைப்போம். பழைய இரும்புக்காரன் இப்பத்தான் இந்தப் பக்கம் போனான்."

ஆறு பேரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட யாம்தான் பலமாகச் சிரித்தோம். திரும்பி வரும்போது காது எரிந்துகொண்டே வந்தது.

ஜூன் 5, வியாழன்

அக்கா மகன் வந்தான். வண்டி ஷோரூமில் விற்பனைப் பிரிவு. அவன் வாயில் போட்டால் கல்லும் கற்கண்டாகி வெளியே வரும். பழைய வண்டியைக் கொடுத்துப் புதுசு எடுக்கும் திட்டம் இந்த மாதத்தோடு முடிகிறதாம். "மாமா, உங்க உடம்புக்கு நீங்க ஓட்டுற வண்டியா இது? உங்களப் பாத்தா தளபதி மாதிரி இருக்கு. வண்டியப் பாத்தா கைதி மாதிரி இருக்கு."

பொய் என்று தெரியும். ஆனாலும் பொய்யில் ஒரு ஞானம் இருந்தது.

ஜூன் 6, வெள்ளி

மெக்கானிக்கிடம் காட்டினேன். யானையின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். கிளட்ச் பிளேட்டும் கார்புரேட்டரும் மாற்றினால் போதும், இன்னும் பத்து வருஷம் ஓடும் என்றார். "எஞ்சின் தங்கம் சார். விட்டுடாதீங்க."

வீட்டுக்கு வந்து மகாராணியிடம், மெக்கானிக் கையை விரித்துவிட்டார் என்றேன். இன்றோ நாளையோ என்று உதட்டைப் பிதுக்கினார் என்றேன். அவர் கண்ணைத் துடைத்ததாக ஒரு சின்ன அலங்காரமும் சேர்த்தேன்.

அவள் கேட்டாள்: "அவரு எப்ப அழுதாரு? பில்லு போடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

ஜூன் 8, ஞாயிறு

ஷோரூம். கண்ணாடி மாளிகை. நடுவில் மேடைபோட்டு அதை நிறுத்தியிருந்தார்கள். கறுப்பு. பாயப்போகும் சிறுத்தை, பாதியில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதால் நின்றதுபோல. முன்சீட்டு சிம்மாசனம். பின்சீட்டு — அது சீட்டே இல்லை. வானத்தில் வைத்த ஒரு சின்னத் தலையணை. குரங்குகூட யோசித்துத்தான் ஏறும்.

"அத்தை, ஏறிப் பாருங்க" என்றான் மருமகன்.

அவள் என் தோளைப் பிடித்தாள். இடது காலை ஊன்றினாள். வலது முட்டி எழவில்லை. இறங்கினாள். "இன்னொரு தடவ" என்றேன். அதுவும் ஆகவில்லை. மருமகன் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்து போட்டான். அப்போது என் நாக்கில் சனி ஏறி உட்கார்ந்தது — அதற்கு ஸ்டூல் தேவைப்படவில்லை.

"ஸ்டூல் பத்தாதுப்பா. கப்பல்ல சரக்கு ஏத்துவாங்களே, கிரேன், அதைக் கூப்பிடு" என்றேன்.

ஷோரூம் முழுக்கச் சிரிப்பு. வரவேற்பு மேஜைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். புது வண்டி எடுக்க வந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. கைதட்டல் கிடைத்த பிறகு எந்த நடிகன் மேடையை விட்டு இறங்கினான்? "வெயிட்ட எழுதிக்க. எங்கிட்ட எடைக்கல்லு இருக்கு, சரிபாத்துக்கலாம்" என்றேன். மறுபடியும் சிரிப்பு. மூன்றாம் முறை அவள் ஸ்டூலில் கால் வைத்து, ஒருவழியாக ஏறி உட்கார்ந்துவிட்டாள். இறங்கத்தான் இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அவளும் சிரித்தாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். பல் தெரிந்தது.

வெளியே வரும்போது ஓரமாக நின்ற ஒரு வண்டியைக் காட்டினாள். பெஞ்சு சீட்டு, சாதுவான சாம்பல் நிறம். "அதுவும் புதுசுதானே?"

"அது பால்காரன் ஓட்டுற வண்டி."

"பால்காரனுக்கும் பொண்டாட்டி இருப்பால்ல."

ஜூன் 9, திங்கள்

ஒரு ரகசியத்தை இங்கே பதிகிறேன். மகாராணி வீட்டில் பேசமாட்டாள். ரெக்கார்டு அறையின் 'அமைதி காக்கவும்' பலகையைக் கழற்றி முகத்தில் மாட்டிக்கொண்டு வந்துவிடுவாள். ஆனால் வண்டியில் ஏறினால் போதும், என் பிடரியைப் பார்த்துப் பேசத் தொடங்குவாள். பதினோரு கிலோமீட்டரும் பேசுவாள். எமக்கோ ஹெல்மெட், யானையின் பிளிறல், காற்று. பத்துச் சொல்லில் மூன்று வந்து சேரும். யாம் இரண்டு கம்பத்துக்கு ஒருமுறை "ம்" என்போம். போன வருஷம் கல்யாணம் ஆன மருமகனுக்குச் சொன்ன தாம்பத்திய ரகசியமே இதுதான்: காது கேட்க வேண்டாம், "ம்" நேரத்துக்கு வந்தால் போதும்.

இன்று காலை அவள் பேசவில்லை. வீடு முதல் ஆஸ்பத்திரி வரை ஒரு சொல் இல்லை. "ம்" சொல்ல வேலையில்லாமல் வந்தேன். நிம்மதியாக இருந்தது.

இருந்ததா?

ஜூன் 12, வியாழன்

முட்டியில் துணி சுற்றியிருக்கிறாள். ஷோரூமில் இறங்கும்போது திருகிக்கொண்டிருக்க வேண்டும். கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றாள். ஒண்ணுமில்லாததற்கு இவ்வளவு துணி ஏன் என்று கேட்டேன். டிபன் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

ஜூன் 15, ஞாயிறு

அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள் என்று எழுத ஆசை. உண்மையில் ஒருவரும் கேட்கவில்லை. யாமே எழுந்து நாற்காலியை நடுக்கூடத்தில் போட்டு 'மலை ஏறிய மகாராணி' என்னும் நாடகத்தை அரங்கேற்றினோம். ஒரு காலைத் தூக்கி, முக்கி, முனகி, நாற்காலியோடு சாய்ந்து விழுந்தும் காட்டினோம். அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. மருமகன் போனில் படம் பிடித்தான்.

சமையலறையில் மகாராணி தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் கிரேனுக்கு வந்தபோது தட்டுச் சத்தம் நின்றது. முடித்து உட்கார்ந்தபோது மறுபடி தொடங்கியது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஏன்டா, அவளுக்கு நெசமாவே முட்டி வலிதானே?" என்றாள். வலிக்குச் சிரிப்புதான் மருந்து என்றேன். அப்போதும் சிரித்தார்கள். முன்னைவிடக் கொஞ்சம் கம்மி.

ஜூன் 19, வியாழன்

இன்று மாபெரும் போரை எதிர்பார்த்திருந்தேன். யானையின் பேப்பர் அவள் பெயரில் இருக்கிறது. அவள் கையெழுத்துப் போடாமல் ஒரு ஸ்குரூவைக்கூட மாற்ற முடியாது. ஆயிரம் வாதங்களைத் தீட்டிக் கூராக்கி வைத்திருந்தேன். சாலைப் பாதுகாப்பு, சுற்றுச்சூழல், தொழில் கௌரவம், தேச நலன்.

மருமகன் பாரத்தை நீட்டினான். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "எந்த இடத்துல?" என்று மட்டும் கேட்டாள்.

மூன்று இடத்தில் போட்டாள். கூராக்கிய வாதங்கள் அத்தனையும் எனக்குள்ளேயே குத்திக்கொண்டு கிடக்கின்றன.

ஜூன் 23, திங்கள்

யானையின் கடைசி நாள். மகாராணியை இறக்கிவிட்டு அப்படியே ஷோரூமுக்குப் போவதாக ஏற்பாடு.

ஆச்சரியம், இரண்டு வாரத்துக்குப் பிறகு இன்று அவள் பேசினாள். பாலம் ஏறுமுன் தொடங்கினாள். யாமோ யானைக்கு வாசிக்க வேண்டிய இரங்கலுரையில் மூழ்கியிருந்தோம். "ம்" என்றோம். ரவுண்டானாவில் ஏதோ கேட்டாள். "ம்." பெட்ரோல் பங்க் தாண்டி மறுபடியும். "ம்."

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி ஹெல்மெட் கண்ணாடிக்குள் என் முகத்தைப் பார்த்தாள். "அப்ப சரின்னுட்டீங்க" என்றாள்.

"சரி, சரி" என்றேன். பின்னால் ஆம்புலன்ஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

சிறுத்தை வந்தது. தெருவே வாய் பிளந்தது. காய்கறிக் கடைக்காரன் வெளியே ஓடிவந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தான். அவன் தராசில் இல்லாத ஒரு பழுதைக் கண்டுபிடித்து அரை நாள் காக்கவைத்தேன். எவ்வளவு இனிப்பான அரை நாள்.

மகாராணி பஸ்ஸில் போனாள். இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் பஸ்ஸில் படி உயரம். நடந்தால் முட்டிக்கு நல்லது என்று வாசலில் நின்று அறிவுரை வழங்கினேன். அவள் பை மறையும்வரை வழங்கிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 27, வெள்ளி

எடைக்கல் பெட்டியை வைக்கச் சிறுத்தையில் வசதியில்லை. பின்சீட்டில் ரப்பர் கயிற்றால் கட்டினேன். இருபது கிலோ. ஆடாமல் அசையாமல், பேசாமல் வருகிறது.

மாலையில் இதை நகைச்சுவையாக மகாராணியிடம் சொன்னேன். "என்னைவிட எவ்ளோ கிலோ கம்மின்னு எழுதி வெச்சுக்குங்க" என்றாள்.

ஜூலை 5, சனி

அவள் பெட்டி அடுக்குகிறாள். நான்கு புடவை, ஃபிளாஸ்க், முட்டிக்குத் தடவும் மருந்து, கண்ணாடிக் கூடு. எங்கே என்று கேட்டேன்.

"குவார்ட்டர்ஸுக்கு."

"எந்தக் குவார்ட்டர்ஸ்?"

"ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி. கீழ் தளம், படி கிடையாது. வண்டியில சொன்னேன்ல. ரூம் காலியாகுது, எழுதிக் குடுத்துடட்டுமான்னு கேட்டேன். ம்னீங்க. மூணு தடவ கேட்டேன். மூணு தடவையும் ம்."

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், அன்றைக்கு மட்டுமா என்று அவள் கேட்பாள். இருபத்திரண்டு வருஷம், தினம் பதினோரு கிலோமீட்டர். எங்கே போய் ஒளிவது?

"ஞாபகம் இருக்கு. என்னிக்குன்னுதான் மறந்துட்டேன்" என்றேன்.

"இன்னிக்குத்தான்."

ஜிப்பை மூடினாள். சனி ஞாயிறு வருகிறேன் என்றாள். ஆட்டோ வந்தது. பெட்டியை நான் தூக்கினேன். கனமே இல்லை.

இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன். மூன்றாவது தடவை அவள் உரக்கக் கேட்டாளா, குரலைத் தாழ்த்திக் கேட்டாளா? தாழ்த்தித்தான் கேட்டிருப்பாள். வாசலில் இறங்கி அப்படிப் பார்த்தாளே — எனக்கு எதுவும் காதில் விழவில்லை என்று தெரிந்த பார்வை அது. தெரிந்தேதான் சரியை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

ஜூலை 7, திங்கள்

மருமகனிடம் போனேன். சிறுத்தையைக் கொடுத்துவிட்டு அந்தச் சாம்பல் வண்டியை எடுக்கலாமா என்றேன். வரவேற்புப் பெண் என்னை அடையாளம் கண்டு இப்போதே சிரிக்கத் தயாரானாள்.

"மாமா, பதிவு முடிஞ்சுபோச்சு. இன்னிக்கு இது பழைய வண்டி" என்றான். யானையைக் கேட்டேன். வெளியூர்க்காரன் வாங்கிப் போய்விட்டானாம். ஒரே உதையில் கிளம்பியதாம், கிளட்ச்சை மட்டும் மாற்றினானாம். "நீங்க ஏன் மாமா வித்தீங்கன்னு கேட்டான்."

ஜூலை 13, ஞாயிறு

சொன்னபடி நேற்று வந்தாள். பேசிக்கொள்ள ஒன்றும் அகப்படவில்லை. நேருக்கு நேர் உட்கார்ந்து எங்களுக்குப் பழக்கமில்லை. டீ குடித்தோம். "வண்டி எப்படி ஓடுது?" என்று விசாரித்தாள், விருந்தாளி கேட்பதுபோல. நன்றாக ஓடுகிறது என்றேன். இன்று மதியமே கிளம்பிவிட்டாள்.

ஜூலை 19, சனி

வரவில்லை. ரெக்கார்டு அறையில் அலமாரி மாற்றுகிறார்களாம். போனில் சொன்னாள். பக்கத்தில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

ஜூலை 20, ஞாயிறு

நானே போனேன். வாட்ச்மேன் சிறுத்தையைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தச் சொன்னார்.

கீழ் தளம், நான்காவது கதவு. பாதி திறந்திருந்தது. உள்ளே அவள் குரல். பக்கத்து அறை நர்ஸம்மாவுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள். கோப்பு மாறிப்போய், ஒருவர் ஒன்பது வருஷம் இன்னொருவருடைய சர்க்கரைக்குப் பத்தியம் இருந்திருக்கிறார். உண்மையைச் சொல்லக் கூப்பிட்டபோது அந்த மனிதர், "வேணாம்மா, பழகிப்போச்சு, அந்த வியாதியையே எனக்குப் போட்டுருங்க" என்று கெஞ்சினாராம். அவர் குரலில், அவர் கைகூப்பலோடு சொன்னாள். நர்ஸம்மா கட்டிலில் விழுந்து சிரித்துவிட்டு, "அப்புறம்? அப்புறம்?" என்றார்.

அவளுக்கு இப்படி நடித்துச் சொல்ல வரும் என்று எனக்குத் தெரியாது. இந்தக் கதையை என் பிடரிக்கும் சொல்லியிருப்பாள்.

நான் கதவைத் தட்டியதும் சிரிப்பு நின்றது. நர்ஸம்மா எழுந்து போனார். இருந்த ஒரே நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். முட்டியில் துணி இல்லை. "அப்புறம்?" என்று கேட்டேன்.

"என்ன அப்புறம்?"

"அந்த ஆளு. அப்புறம் என்ன ஆனாரு?"

ஃபிளாஸ்க்கை எடுத்துத் திறந்தாள். "அவ்ளோதான் கதை" என்றாள்.

டீ கொடுத்தாள். குடித்தேன். கிளம்பினேன்.

கேட்டில் வாட்ச்மேன் பதிவேட்டை நீட்டினார். வரும்போதே எழுதியிருக்க வேண்டுமாம். யாரைப் பார்க்க, என்ன உறவு, வந்த நேரம், போகும் நேரம். உறவுக் கட்டத்தில் 'கணவர்' என்று எழுதிவிட்டு, அடுத்த வாரமும் வருவேன் என்றேன். பார்வையாளர்களுக்கு ஞாயிறு நான்கு முதல் ஆறு வரை என்றார். போகும் நேரம் ஆறு மணி என்று எல்லா வரியிலும் அவரே முன்கூட்டி எழுதி வைத்திருந்தார்.