உச்சிவெயிலில் எடுத்த பேய்ப்படம்

1966 மே 10, செவ்வாய்
பேயை எடுத்து முடித்தோம். நாலு நிமிஷச் சுருளில் பாதி. பாலிடெக்னிக்கில் என்னோடு படிக்கும் ஜைனுதீனின் மாமா பினாங்கிலிருந்து கொண்டுவந்த கேமரா. வெளிச்சம் குறைந்தால் ஒன்றும் பதியாது. ஆகவே பகல் பன்னிரண்டுக்குக் கல்லறைத் தோட்டத்தில் எடுத்தோம். பேயாக நடிக்க வேறு யார் வருவார்கள்? என் தங்கை அற்புதமேரிதான். வெள்ளைச் சேலை, முகத்தில் அரிசி மாவு. "கால் சுடுதுண்ணே, சீக்கிரம்" என்றாள். பேய் காலை மாற்றி மாற்றி வைத்தால் எப்படி? திட்டினேன்.

ஆடு மேய்க்கிற பெண் ஒருத்தி வேலிக்கு அங்கிட்டு நின்று பார்த்துவிட்டு ஓடினாள். சிரித்தோம்.

மே 12
சித்தன்னவாசலில் மீதிப் பாதி. அம்மாவும் வந்தாள். அற்புதம் கட்டுச்சோறு சாப்பிட்டுச் சிரிப்பதையும் வேடிக்கைக்கு எடுத்தோம். அதற்கு முன் சுருள் மாட்டுவதில் தகராறு. "மாப்ள, அந்தப் பொஸ்தகத்தப் பாத்துட்டு மாட்டுடா" என்றான் ஜைனுதீன். மெஷின் படிக்கிறவனுக்குப் புஸ்தகமா? வெளிச்சம் படாமல் கம்பளிக்குள் கையை விட்டுச் சுருளை முதல்வரை பின்னால் சுற்றி மறுபடி மாட்டினேன்.

மே 15, ஞாயிறு
அற்புதத்தின் கல்யாண ஓலை இரண்டாம் தடவையாகக் கோவிலில் வாசித்தார்கள். மூன்று ஞாயிறு வாசித்தால்தான் கல்யாணம்; இன்னும் ஒன்று பாக்கி. ஆனால் பூசை முடிந்து ஒருவரும் அவளோடு பேசவில்லை. உச்சி நேரத்தில் கல்லறை மேல் நின்றாளாம். பேய் பிடித்துக்கொண்டதாம்.

மே 18
மாப்பிள்ளையின் அப்பா மரிய அந்தோணி திருக்கோகர்ணத்திலிருந்து வந்தார்.

"பேயெல்லாம் இல்லைங்க. சினிமா எடுத்தோம்" என்றேன்.

"சினிமாவா? அப்ப பொண்ணு கூத்தாடுதா?"

அப்பா என்னைப் பார்த்த பார்வை! பேய் என்றாலும் கல்யாணம் நிற்கும், சினிமா என்றாலும் நிற்கும். வீட்டு ஆட்களுக்குள் விளையாட்டாக எடுத்தது என்று விளக்கினேன். கடைசியில் இறங்கி வந்தார். "படத்தக் காட்டுங்க தம்பி. விளையாட்டுதான்னு கண்ணால பாத்துட்டா, மூணாவது ஓலைக்கு நானே சொல்றேன்."

சுருளைக் கழுவ பம்பாய்க்கு அனுப்பியாயிற்று.

ஜூன் 2
தபால்காரர் என்னைக் கண்டாலே கையை விரிக்கிறார்.

ஜூன் 14
இல்லை.

ஜூன் 21
காலையில் பார்சல் வந்தது. "மொதல்ல நம்ம போட்டுப் பாத்துருவோம் மாப்ள" என்றான் ஜைனுதீன். ஐந்து வாரம் காத்திருந்தவன் இன்னும் ஒரு மணி நேரம் காத்திருக்கவா? ஜைனுதீனையும் அவன் மாமாவின் புரொஜெக்டரையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

மரிய அந்தோணி வீட்டு ஜன்னலில் போர்வை கட்டிப் படத்தை ஓட்டினோம். அற்புதம் பாறையடியில் உட்கார்ந்து சோறு பிசைகிறாள். அவள் மேலேயே இன்னொரு அற்புதம், வெள்ளைச் சேலையில் நடந்து போகிறாள். அவள் உடம்புக்குள் பாறை தெரிகிறது. அம்மா மடியில் சிலுவைகள் முளைத்திருக்கின்றன. பிறகு இரண்டு நிமிஷம் வெறும் கறுப்பு.

மாப்பிள்ளையின் அம்மா சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

"ஒரே எடத்துல ரெண்டு தடவை வெளிச்சம் பட்டிருச்சுங்க. என் தப்பு" என்றேன்.

"நீங்க படிச்சவுக தம்பி. ஒக்காந்து சாப்புடுறதும் அந்தப் புள்ளதான், நடந்து போறதும் அந்தப் புள்ளதான். கண்ணால பாத்துட்டோமே" என்றார் மரிய அந்தோணி.

ஜூன் 22
புஸ்தகத்தைப் பார்த்தேன். பாதி முடிந்ததும் திருப்பி மாட்ட வேண்டும், பின்னால் சுற்றக் கூடாது. மூன்றாம் பக்கத்தில் படம் போட்டே காட்டியிருக்கிறது. நாங்கள் நினைத்ததை விட நல்ல பேய்ப்படம்.

ஜூன் 30
அப்பா முடிவு செய்துவிட்டார். "பேய் இல்ல இல்லன்னு ஒன்ற மாசமாச் சொல்லிப் பாத்தாச்சு. இருந்துச்சு, போயிருச்சுன்னு சொன்னா முடிஞ்சுரும்." வருகிற செவ்வாய் அந்தோணியார் கோவிலில், ஊர் முன்னால் அற்புதம் பேய் பிடித்தவளாக ஆட வேண்டுமாம். கத்தினேன்.

"வேற வழி இருந்தாச் சொல்லுங்க, இஞ்சினியரு."

என்ன படித்தேன் நான்?

சாயங்காலம் அற்புதம் மாவு சலித்துக்கொண்டே கேட்டாள்: "எப்படி விழுகணும்ணே? பக்கவாட்டுலயா, பின்னாலயா? நீதான சொல்லித்தரணும்."

சொல்லிக் கொடுத்தேன்.

ஜூலை 5, செவ்வாய்
முடியை விரித்துப் போட்டு ஆடினாள். கொடிமரத்தடியில் பக்கவாட்டில் விழுந்தாள். கோவில் உபதேசியார் மந்திரித்த தண்ணீர் தெளித்ததும் எழ வேண்டும் என்று பேச்சு. எழவில்லை. இரண்டாம் தடவை தெளித்தார். நான் போய் உலுக்கிப் பெயர் சொன்னேன். கண்ணைத் திறந்து யாரோ அயலானைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். ஜனங்கள் "போயிருச்சு, போயிருச்சு" என்றார்கள்.

ஜூலை 10, ஞாயிறு
மூன்றாவது ஓலை வாசித்தாயிற்று. பூசை முடிந்து எல்லோரும் அவளோடு பேசினார்கள். மரிய அந்தோணி என் முதுகில் தட்டினார்.

வீடு திரும்ப உச்சி ஆகிவிட்டது. கல்லறைத் தோட்டம் வந்ததும் அற்புதம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தாள்.

"யாரும் பாக்கல. நடிச்சது போதும், விடு" என்றேன்.

விடவில்லை.