மஞ்சள் நாற்காலியைச் சுரண்டலாமா, அலமேலு?

கோபக்காரி அலமேலுவுக்கு,

நான் சொல்லச் சொல்ல நம் பொண்ணு கஸ்தூரி எழுதுகிறாள். கம்பெனியில் அவளுக்கு இன்று லீவு. நீ போன பிறகு உன்னிடம் எதையும் கேட்டு நான் தொந்தரவு செய்ததில்லை. இப்போது ஒரு நாற்காலியை வைத்துக்கொண்டு முழிக்கிறேன். நாளை ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

போன வாரம் உன் தம்பி வந்தான். வழக்கம்போல மஞ்சள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். பிரம்பு பொத்துக்கொண்டு ஆள் உள்ளே இறங்கிவிட்டான். தலையும் காலும்தான் வெளியே. நானும் கஸ்தூரியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். "இன்னா மாமா, அக்கா செத்தும் என்ன உள்ள இஸ்துக்கினு போறாளே!" என்றான். நீ இருந்திருந்தால் அவனை இழுத்திருக்க மாட்டாய், சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாய்.

கஸ்தூரி அதைப் போட்டோ எடுத்து எல்லாரும் பார்க்கிற மாதிரி போனில் போட்டாள். மறுநாளே படப்பையிலிருந்து பழைய சாமான் வியாபாரி ஒருவர் வந்துவிட்டார். கடற்கரை ஓட்டல்களுக்குப் பழைய மேசை நாற்காலி வாங்கிக் கொடுப்பவராம். நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, பெயிண்ட் படாத அடிப்பக்கத்தை எச்சில் விரலால் தேய்த்தார். முகர்ந்தார். தூக்கி எடை பார்த்தார்.

"பெரியவரே, பர்மா தேக்கு. ஒரு ஆணி கெடையாது, எல்லாம் மர முளை. ஆனா எந்தப் புண்ணியவான் இதுக்கு மஞ்சா அடிச்சது?"

"புண்ணியவதி" என்றேன்.

சுரண்டிக் கொடுத்தால் நல்ல விலை, இப்படியே கொடுத்தால் விறகு விலை என்றார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆசாரி ஏகாம்பரத்தைக் கேட்டேன். அவன் நேர் எதிராகப் பேசினான். "விக்காத மாமா. இந்த மாதிரி மரம் இனிமே கண்ணுல படாது. சுரண்டிட்டு, பிரம்பு பின்னி, பாலீஷ் போட்டு வூட்டுலயே வெச்சிக்க." விற்கச் சொன்னவரும் சுரண்டு என்கிறார். வைத்துக்கொள்ளச் சொன்னவனும் சுரண்டு என்கிறான்.

கஸ்தூரியையும் கேட்டேன். கம்பெனியில் அவளுக்குப் பெயிண்ட் சரி பார்க்கிற வேலை. குனிந்து பார்த்துவிட்டு, "எங்க லைன்ல வந்தா அம்மா பெயிண்ட் ரிஜெக்ட்பா. எவ்ளோ ஒழுகல் பாரு" என்றாள். அப்புறம் அந்த ஒழுகலையே விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெயிண்ட் வந்த கதையை இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நீ ஒரகடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போனபோது, கம்பெனித் தரையில் நடைபாதைக் கோடு போட்டு மிஞ்சிய மஞ்சள் பெயிண்ட். சூப்பர்வைசர் எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். நான் இரண்டு நாள் அக்கா வீட்டுக்குப் போய்த் திரும்பினால், வாசலில் பளபளவென்று நிற்கிறது. எதிர்வீட்டுக்காரி, "இன்னா அலமேலு, மஞ்சத் தண்ணி ஊத்திட்ட, சடங்கு எப்போ?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மரத்தைப் பாழாக்கிவிட்டாய் என்று தெருவே கேட்கக் கத்தினேன். நீ, "பெயிண்ட் கெடந்துது, அடிச்சேன். இன்னாயா இப்போ?" என்றாய். அவ்வளவுதான்.

எனக்கு ஏன் அவ்வளவு கோபம்? அது மில் முதலாளியின் நாற்காலி. வாலாஜாபாத் ரோட்டு ரைஸ் மில்லில் நான் மூட்டை தூக்கினேன், நீ களத்தில் நெல் துழாவினாய். மில்லை மூடிக் கம்பெனிகளுக்குக் குடோனாக மாற்றியபோது சாமான்களைச் சல்லிசாகக் கொடுத்தார்கள். நான் நாற்காலியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு ஊர் பார்க்க நடந்து வந்தேன். "இனிமே இதுல நான் உக்காருவேன்மே!" என்றேன். நீ ஒரு பார்வை பார்த்துவிட்டு உலை வைக்கப் போய்விட்டாய்.

வியாழக்கிழமை ஏகாம்பரம் உளியோடு வந்தான். வலது கைப்பிடியின் முனையில் சுரண்ட ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டான்.

"மாமா, இந்த எடத்துல மட்டும் பட்டி வெச்சிக்கீது. ஒரு தபா இல்ல, மூணு நாலு தபா வெச்சி தேச்சிக்கீது. கால்ல எம்மாம் பெரிய வெடிப்பு! அத வுட்டுட்டு இத ஏன் அடைக்கணும்?"

பட்டியை நெம்பி எடுத்தான். உள்ளே சின்னச் சின்னக் குழிகள், கோழி கொத்தின மாதிரி. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. முதலாளியின் மோதிரம்.

சாயந்திரம் வேலை முடிந்ததும் களத்துப் பெண்கள் நீங்கள் எல்லாரும் அந்த நாற்காலிக்கு முன்னால் வரிசையில் நிற்பீர்கள். அவர் மோதிரத்தால் கைப்பிடியில் டொக்கென்று தட்டுவார். ஒருத்தி போய் மடியை அவிழ்த்து உதறிக் காட்ட வேண்டும், நெல் ஒளித்து வைக்கவில்லை என்று. மறுபடியும் டொக். அடுத்தவள். ஒருநாள் உன் மடியிலிருந்து நாலு நெல் விழுந்தது. நாளெல்லாம் களத்தில் நிற்கிறவள் மேல் நெல் ஒட்டாமல் வேறென்ன ஒட்டும்? அவர் வாயைத் திறக்கவில்லை. தட்டினார். நீ திரும்ப உதறினாய். இன்னொரு தடவை தட்டினார். நான் லாரி மேல் மூட்டையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போது நாம் மண்ணெண்ணெய் பற்றிப் பேசிக்கொண்டு வந்தோம்.

என்னை எல்லாரும் ஞாபகக்காரன் என்பார்கள். எந்த லாரி எந்த மழையில் எங்கே சிக்கியது என்றெல்லாம் சொல்வேன். ஆனால் பெயிண்ட் அடிக்கும்வரை நீ ஒருநாளும் அதில் உட்கார்ந்ததில்லை என்பது வியாழக்கிழமைதான் எனக்கு உறைத்தது. முட்டி வலியோடு அதன் பக்கத்தில் தரையில் உட்காருவாய். மஞ்சள் காய்ந்த பிறகுதான் அதில் ஏறிக் காலை மடித்துக்கொண்டு அவரைக்காய் நறுக்கினாய். எல்லாம் ஞாபகம் இருந்தது. ஒன்றோடொன்றைச் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

கஸ்தூரி விவரம் தெரியாமல் அந்தக் குழிகளைப் போட்டோ எடுத்து வியாபாரிக்கு அனுப்பிவிட்டாள். அவர் உடனே போன் செய்தார். "ஐயோ, அதத் தொடாதீங்க! அதான் ஒரிஜினல் அடையாளம். பார்ட்டி அதுக்குத்தான் காசு குடுப்பான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை அலமேலு. அவ்வளவு வெறுப்பு என்றால் ஏன் அடுப்பில் வைக்கவில்லை? நான் ஆசையாகத் தூக்கி வந்தேன் என்றா? வெறுப்பு இல்லை என்றால் ஏன் அந்தக் குழிகளை மட்டும் தேடித் தேடி அடைத்தாய்? லாரி மேல் நின்று பார்த்தவன் அதையே தலையில் சுமந்து வந்தேனே, அப்போது என்னைப் பற்றி என்ன நினைத்தாய்? இங்கே கஸ்தூரி எழுதுவதை நிறுத்திவிட்டாள். "அம்மாகிட்ட கேட்டிருக்கணும்பா, இப்போ கேட்டா?" என்கிறாள். அவளுக்கும் இந்தக் கதை இன்றுதான் தெரியும்.

ஏகாம்பரத்திடம் அந்த இடத்தை மறுபடி அடைக்கச் சொன்னேன். "தொறக்கச் சொல்ற, மூடச் சொல்ற, இன்னா மாமா ஆச்சு உனக்கு?" என்று கேட்டுக்கொண்டே அடைத்தான். கஸ்தூரி வாங்கி வந்த மஞ்சள் உன் மஞ்சள் இல்லை, எலுமிச்சைப் பழம் மாதிரி வெளுத்திருக்கிறது. நானே அடித்தேன். உன்னுடையதைவிட ஒழுகல் அதிகம்.

நாளை வியாபாரி வந்தால் கொடுப்பதற்கில்லை என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் குழப்பமில்லை. வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்பதுதான் தெரியவில்லை. உன்னோடு அந்த வரிசையில் நின்ற காமாட்சி அடுத்த தெருவில் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறாள். அவளைக் கூப்பிட்டு, உன்னிடம் கேட்காததையெல்லாம் கேட்கப் போகிறேன். இருக்கட்டும் என்றால் பிரம்பு பின்னுவேன். வேண்டாம் என்றால் முளையைக் கழற்றி அடுப்புக்குப் போடுவேன். திட்டினால் நின்று கேட்டுக்கொள்வேன். இந்த முறை லாரி மேலிருந்து பார்க்க மாட்டேன். இது சத்தியம்.

உன் வூட்டுக்காரன்,
கன்னியப்பன்