தங்கமணி கட்டிய பல்

பிரிக்பீல்ட்ஸ்,
4 மார்ச் 2024

அன்புள்ள தங்கமணி அக்கா,

நலமா? மகள் வாணியின் இருமல் தேவலையா?

ஒரு சங்கடமான விஷயம். செந்தூல் தீயில் வீடிழந்து கிள்ளான் ஆற்றோரக் கம்பத்துப் பலகை வீடுகளில் ஒண்டியிருக்கும் உங்கள் இருபத்திரண்டு குடும்பங்களுக்கும் எங்கள் தேவாலயக் குழு மாதாமாதம் ரொக்கமாகக் கொடுத்துவருகிறது. போன மாதப் பணத்தில் நீங்கள் பல் கட்டிக்கொண்டதாக யாரோ குழுத் தலைவர் கிரிகரி அங்கிளிடம் சொல்லிவிட்டார்கள். "வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்த காசுலா இது. இனிமே அரிசி, சார்டின் மீன் டின், எண்ணெய்னு பையா கட்டிக் கொடுத்திடுவோம்," என்றார் அவர். பாதிப் பேர் தலையாட்டினார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் உங்களிடமிருந்து எழுத்தில் விளக்கம் வேண்டுமாம். பதினாறாம் தேதி கூட்டம்.

அன்புடன்,
ஜானிஸ்


கிள்ளான்,
8 மார்ச் 2024

அன்புள்ள மிஸ் ஜானிஸ்,

வாணிக்கு இப்போது பரவாயில்லை. உங்கள் கடிதம் பார்த்துக் கோபம் வந்தது. ஒரு நாள் பொறுத்துத்தான் எழுதுகிறேன்.

தீப்பிடித்த அன்று, வெடித்துவிடுமே என்று சமையல் கேஸ் நிரம்பிய இரும்புத் தோங்கைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சாக்கடை விளிம்பில் இடறி விழுந்ததில் முன்பல் இரண்டு போய்விட்டன. செந்தூலில் ஒன்பது வருடம் சேலைக் கடையில் நின்றவள் நான். இங்கே நான்கு கடைகளில் வேலை கேட்டேன். "கூப்பிடுறோம்க்கா," என்றார்கள், பார்த்ததெல்லாம் என் வாயைத்தான். ஐந்தாவது கடை முதலாளியம்மா அமுதவள்ளி மட்டும் நேராகச் சொன்னார்: "வேல தெரிஞ்சவங்கதான் நீங்க. பல்லக் கட்டிட்டு வாங்க, மறுநாளே சேத்துக்கிறேன்."

கட்டினேன். சேர்ந்துவிட்டேன். அந்த மாதம் எனக்கும் மகளுக்கும் கஞ்சியும் நெத்திலியும்தான். அவளிடம் கேட்டுத்தான் செய்தேன்.

அரிசிப் பை வந்திருந்தால் சோற்றைத் தின்றுவிட்டு இந்தப் பலகை வீட்டிலேயே உட்கார்ந்திருப்பேன். பையில் பல் வருமா, மிஸ்? பக்கத்து வீட்டுச் சின்னையா அண்ணன் லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டு மறுபடி லோரி ஓட்டப் போய்விட்டார். லைசென்ஸ் வருமா? எது முதலில் வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். இதை அப்படியே வாசியுங்கள்.

இப்படிக்கு,
தங்கமணி


பிரிக்பீல்ட்ஸ்,
17 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

ஒரு வரி விடாமல் வாசித்தேன். கிரிகரி அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாலு கடையிலயுமா?" என்று கேட்டார். அப்புறம், "பை யோசனைய விட்ருங்க," என்றார் அவரே. ரொக்கம் தொடரும்.

தயங்கித்தான் கேட்கிறேன்: நிதி கொடுப்பவர்களுக்கு அனுப்பும் அறிக்கையில், கடையில் நீங்கள் சிரித்தபடி நிற்கும் படம் ஒன்று போடலாமா?

ஜானிஸ்


கிள்ளான்,
21 மார்ச் 2024

அன்புள்ள மிஸ் ஜானிஸ்,

நல்ல சேதி. கம்பம் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

படம் வேண்டாம். நான் உதவி வாங்கியவள் என்று சேலை எடுக்க வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த மாதப் பணத்தை மட்டும் தவறாமல் அனுப்புங்கள்; வேண்டாம் என்று சொல்லிப் பெரிய மனுஷியாகும் ஆசை எனக்கில்லை. ஒரு ஃபிளாட் பார்த்து வைத்திருக்கிறேன், முன்பணம் கட்ட வேண்டும்.

படத்துக்குப் பதிலாக உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். கடைசி வீட்டில் தாமரை இருக்கிறாள். அவளும் அதே தீயில் வீடிழந்தவள். நீங்கள் பெயர் எழுத வந்த அன்று பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்தாள். புருஷன் இல்லை. பட்டியலிலும் பெயர் இல்லை. நேரில் போங்கள். என்ன வாங்குவாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.

தங்கமணி


பிரிக்பீல்ட்ஸ்,
26 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

நேற்று நீங்கள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் தாமரையைப் பார்த்தேன். கிரிகரி அங்கிளும் கூட வந்தார். பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டுப் பட்டியலில் கையெழுத்துப் போட்டாள். இருபத்துமூன்றாவது வீடு. அங்கிள் ஏதோ கேட்க வாயைத் திறந்தார்; நான் அவர் காலை மிதித்தேன்.

அவளாகவேதான் சொன்னாள்: "மொதல்ல ஒரு கட்டில் வாங்கணும்க்கா. மழைக்கு ஆத்துத் தண்ணி உள்ள வந்தா புள்ள நனையக் கூடாது."

அங்கிள் எழுந்துபோய், பலகைச் சுவரில் தண்ணீர் நின்ற தடத்தைக் கையால் அளந்து பார்த்தார். "கட்டில் காலு இதுக்கு மேல இருக்கணும்மா," என்றார்.

உங்கள்,
ஜானிஸ்