குளிர்ப்பெட்டிக்குள் உங்கள் கையெழுத்து

அண்ணை,

எஸ்பியர்க் நகர ஆய்வுகூடத்தின் பழைய குளிர்ப்பெட்டியை இன்றைக்கு வெறுமையாக்கினோம். அடித்தட்டில் பனி இறுகிய பிஸ்கட் டின் ஒன்று. உள்ளே சின்னக் குப்பிகள், ஸ்பிரிட்டில் ஊறிய நண்டுக் கால்கள், முட்டைகள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் தமிழில் துண்டு: ‘தாய் 1 கால்’, ‘தாய் 1 முட்டை’. உங்கள் கையெழுத்து. அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன்.

குடும்பத்தை இந்த நாட்டுக்குக் கூப்பிடும் மனுக்கள் எல்லாம் கிடப்பில் கிடந்த வருஷங்கள் அவை. உங்கள் மனுசி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவ, பிள்ளைகளோடு மன்னாரில். வேலைக் கடிதம் ஒன்று கையில் இருந்தால் அவர்கள் வந்துவிடுவார்கள் என்று நம்பித்தான் எங்களுக்கு நண்டு பிடித்துத் தந்தீர்கள். எந்தக் கரை நண்டு எந்தக் கூட்டம் என்று அறிய மரபணு அடையாளங்களைத் தேடிக்கொண்டிருந்தோம். அது தெரிந்தால்தான் எந்தக் கரையைக் காப்பதென்று சொல்லலாம். தாயின் அடையாளம் முட்டைக்கும் வருகிறதா என்று பார்க்கச் சினை நண்டுகள் வேண்டும் என்றேன்.

நீங்கள் வெறும் வாளியோடு வந்து நின்றீர்கள்.

“சினை நண்டைக் கொல்லுறேல்லை, தங்கச்சி. ஒரு கால், கொஞ்சம் முட்டை எடுத்திட்டு விட்டிட்டன். கால் திரும்ப முளைக்கும். எடுத்தது குளிர்ப்பெட்டிக்குள்ள கிடக்கு, பாருங்கோ.”

“சும்மா சாட்டுச் சொல்லாதேங்கோ” என்று பாய்ந்தேன். பெட்டியைத் திறக்கவில்லை. மேலாளர் கேட்டபோது, “எல்லாத்தையும் கடலில் விட்டிட்டார்” என்று டேனிஷில் சொன்னேன். நீங்கள் விளங்காமல் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றீர்கள். அடுத்த கிழமை உங்களை வேலையால் நிறுத்திவிட்டார்கள். அந்தத் துண்டுகளை வாசிக்கக்கூடியவள் அந்தக் கட்டடத்தில் நான் ஒருத்திதான், அண்ணை.

போன மாசியில் உங்கள் செத்தவீட்டுக்கு டோஸ்ட்ருப் வந்தேன். எத்தனையோ வருஷம் பிந்தி வந்து சேர்ந்த அக்கா எனக்குத் தேத்தண்ணி தந்தா. “இங்க முதல் வேலை எடுத்துக் குடுத்தது நீங்கள்தானாம். எப்பவும் சொல்லுவார்” என்றா. அந்த வேலை யாரால் போனது என்று நீங்கள் அவவுக்குச் சொல்லவேயில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

குப்பிகள் பழுதாகவில்லை, இன்னும் சோதிக்கலாம் என்கிறார்கள். முதல் குப்பியைத் திறக்க முன்னம், நாளைக்கு டின்னோடு டோஸ்ட்ருப் போறன். துண்டுகளை அக்காவே வாசிக்கட்டும். நான் அண்டைக்குப் பெட்டியைத் திறக்காத கதையை என் வாயாலேயே சொல்லவேணும். பிறகும் அவ தேத்தண்ணி தருவாவோ தெரியாது.