பர்மினா என்று கூப்பிட்டால்

அன்பு மகளுக்கு,

அன்று சோலோ நகர ஆஸ்பத்திரி அறையில் இருந்தது மறதி நோய் வந்த உன் அப்பா, நான், உன் தம்பி சுகெங், டாக்டர் விடியாஸ்துதி. டாக்டர் என்னைக் காட்டி, "இவங்க யாரு, தாத்தா?" என்று கேட்டாள். உன் அப்பா யோசிக்கவே இல்லை. "பர்மினா" என்றார்.

முதுகில் கூடை கட்டி, எங்கள் தெருவில் ஜாமுக் கஷாயம் விற்றவள் அவள். நீ பிறக்கும் முன்பே ஊரைவிட்டுப் போய்விட்டாள்.

டாக்டர் விளக்கினாள்: மூளையில் ஒரு செல்லுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே இணைப்பு இருக்கிறதாம். இரண்டும் சேர்ந்து அடிக்கடி வேலை செய்தால் அது பலப்படுமாம். அதில்தான் ஞாபகம் தங்குமாம். புழங்காவிட்டால் மெலிந்துவிடுமாம்.

"அப்போ இந்த மனுஷன் அவளை நினைச்சுக்கிட்டேதான் இருந்திருக்கார்" என்றேன்.

"அந்தப் பேரை வீட்டுல யாராவது சொல்வீங்களா, பாட்டி?"

நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். சுகெங் சிரித்தான். "அம்மாதான், டாக்டர். தினமும் காலையில அப்பாகிட்ட ஜாமுவை நீட்டும்போதே, 'பர்மினா கலக்கினாதான் இனிக்குமோ?'ன்னு கேப்பாங்க."

இப்போது அந்தப் பெயரைச் சொல்லி அவர் கூப்பிடும்போது நான் திரும்பினால்தான் உன் அப்பா வாயைத் திறந்து சாப்பிடுகிறார். திரும்புகிறேன். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. சுகெங் மேலும் இல்லை. ஒருத்தியை மட்டும் மன்னிக்க மாட்டேன். பர்மினாவை.

இப்படிக்கு,
அம்மா